பொச்செட்டினோவுக்கு டிபென்ஸ் தொடங்குவது முன்வரிசையில்

கால்பந்துப் பயிற்சியாளர் மவுரிசியோ பொச்செட்டினோ பெயரை எடுத்தாலே "கோப்பை எத்தனை வாங்கினார்?" என்று ஒரு குரல் வந்துவிடும். லண்டன் கிளப்பான டோட்டன்ஹாமில் ஐந்தரை ஆண்டு இருந்தும் ஒரு கோப்பைகூடத் தேறவில்லை, உண்மைதான். ஆனால் "அழகாக ஆட வைப்பார், ஜெயிக்க மாட்டார்" என்று அவரை ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் அடிப்படையில் ஒரு சென்டர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற ஆள். பயிற்சியாளரான பிறகும் அவர் மண்டையில் ஓடியது டிபென்ஸ்தான். அதை எந்த இடத்தில் தொடங்குவது என்பதில்தான் மற்றவர்களிடமிருந்து விலகி நின்றார்.

அர்ஜென்டினாவில் சாண்டா ஃபே மாகாணத்து மர்பி என்கிற சின்ன ஊர், விவசாயக் குடும்பம். நியூவெல்ஸ் கிளப்புக்குப் பையன்களைத் தேடி அலைந்த பயிற்சியாளர்கள் மார்செலோ பியெல்சாவும் ஹோர்ஹே கிரிஃபாவும் நடுராத்திரியில் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, தூங்கிக்கொண்டிருந்த பையனின் கால்களைப் பார்த்துவிட்டு "இது கால்பந்துக்காரன் கால்" என்று சொன்ன கதையை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். பந்து பறிபோன அடுத்த நொடியே விரட்டிப் பிடி என்கிற பாடம் பியெல்சாவிடம் படித்தது.

ஆட்டக்காரராக அவரைப் பலருக்கும் ஞாபகம் இருப்பது, பாவம், ஒரே ஒரு காலை நீட்டியதற்காக. 2002 உலகக் கோப்பை, சப்போரோ, இங்கிலாந்துக்கு எதிராக. பெனால்டி பெட்டிக்குள் இங்கிலாந்தின் ஓவன் வெட்டித் திரும்ப, இவர் கால் நீட்ட, ஓவன் விழ, நடுவர் கொல்லினா பெனால்டி கொடுக்க, பெக்கம் அடிக்க, 1-0. ஓவன் சும்மா விழுந்தார் என்று இவர் இன்றும் கிண்டலடிப்பார். அந்த அர்ஜென்டினா முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. பார்சலோனா நகரத்தின் இன்னொரு கிளப்பான எஸ்பான்யோலோடு 2000, 2006 ஆண்டுகளில் ஸ்பெயின் மன்னர் கோப்பையை வென்றதை யாரும் பேசுவதில்லை.

அதே எஸ்பான்யோல்தான் 2009 ஜனவரியில் அவரைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டது. அந்த சீசனில் அவர்களுக்கு அவர் மூன்றாவது பயிற்சியாளர். பிப்ரவரியில், புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்த அந்த அணி கேம்ப் நோ மைதானத்துக்குப் போய், குவார்டியோலா பயிற்றுவித்த பார்சலோனாவை 2-1 என்று வீழ்த்தியது. பார்சலோனாவின் கெய்டா முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கியதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் இரண்டாவது கோலைப் பாருங்கள்: பார்சலோனா கோல்கீப்பர் வால்டெஸ் தவறாக அனுப்பிய பந்து எஸ்பான்யோலின் டி லா பென்யாவிடம் மாட்ட, அவர் அதை வால்டெஸின் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார். பயந்து பின்னால் குவிந்து நிற்கிற அணிக்கு அந்தப் பந்து கிடைக்காது. சீசன் முடிவில் எஸ்பான்யோல் பத்தாவது இடம்.

இடையில் அவர் பயிற்றுவித்த சவுத்தாம்ப்டனைத் தாண்டி நேராக டோட்டன்ஹாமுக்கு வருகிறேன். 2014-15இல், அங்கே அவருடைய முதல் சீசனில், இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் வாங்கிய கோல்கள் 53. அடுத்த சீசனில் 35. அதற்கடுத்து 26, லீக்கிலேயே மிகக் குறைவு. அதே 2016-17இல் அடித்த கோல்கள் 86, லீக்கிலேயே மிக அதிகம்! இதை வெறும் தாக்குதல் ஆட்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சென்டர் பேக்குகள் ஆல்டர்வைரல்டும் வெர்டோங்கனும் கிட்டத்தட்ட நடுக்கோடு வரை ஏறி நிற்பார்கள். ரோஸும் வாக்கரும் இறக்கை மாதிரி ஓரங்களில் பறந்துபோக, நடுக்களத்து எரிக் டையர் இறங்கி வந்து சென்டர் பேக்குகளுக்கு நடுவில் நிற்பார். முதுகுக்குப் பின்னால் இவ்வளவு வெற்றிடம் இருந்தால் எந்த டிபெண்டருக்கும் வயிற்றைக் கலக்கும். கலக்காததற்குக் காரணம் முன்னால் இருந்தது. கேன், டெலி அலி, எரிக்சன், சன் நால்வரும் எதிரணியை நிமிர்ந்து பார்த்து பாஸ் போட விடவே மாட்டார்கள்.

அந்த ஆண்டு பட்டம் வென்ற செல்சி 93 புள்ளி எடுத்தது, டோட்டன்ஹாம் 86. தொடர்ந்து 13 ஆட்டங்கள் ஜெயித்து வந்த அந்த செல்சியை ஜனவரியில் நிறுத்தியதும் இவர்கள்தான்: இரண்டு முறையும் எரிக்சன் தூக்கிப் போட, டெலி அலி தலையால் முட்ட, 2-0.

அப்புறம் நடந்தது நிர்வாகத்தின் கணக்கு. 2018 கோடையிலும் 2019 ஜனவரியிலும் புதிதாக ஒரு ஆள்கூட வாங்கவில்லை. அந்த அணியோடு ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை போனார். அரையிறுதியில், ஆம்ஸ்டர்டாமில் லூகாஸ் மவுராவின் மூன்றாவது கோல் கடைசி நொடிகளில் விழுந்தபோது மனிதர் தேம்பி அழுதார். லிவர்பூலிடம் இறுதியில் 2-0 தோல்வி. 2019 நவம்பரில் வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கோப்பைகள் கிடைத்தது பாரிஸில், பிஎஸ்ஜி கிளப்பில், அவருடைய ஆட்டமே இல்லாத இடத்தில். மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே மூவரையும் முன்னால் வைத்துக்கொண்டு யாரை விரட்டச் சொல்வது? லீக் பட்டம் வந்தது. ஆனால் சாம்பியன்ஸ் லீக்கில், 2022 மார்ச்சில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக மாட்ரிட்டில், இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து 2-0 முன்னிலையில் இருந்தவர்கள், பென்சிமாவிடம் மூன்று கோல் வாங்கி வெளியேறினார்கள். செல்சியில் ஒரே சீசன், ஆறாவது இடம், அவ்வளவுதான்.

2024 செப்டம்பரில் அமெரிக்க அணியை ஏற்றார். 2025இல் வட அமெரிக்க நாடுகளுக்கான கோல்ட் கோப்பை இறுதியில் மெக்சிகோவிடம் 2-1 தோல்வி. கிளப்பில் தினமும் ஓடவிட்டுப் பழக்கியதை, தேசிய அணிக்குக் கிடைக்கும் சொற்ப நாட்களில் எப்படிப் பழக்குவது என்பதுதான் அங்கே அவருக்குத் தலைவலி. அமெரிக்கர்கள் ஓடச் சொன்னால் ஓடுவார்கள். பாரிஸில் அவருக்குக் கிடைக்காதது அதுதான்.