26 விமானங்களுக்கு அப்புறமும் ஒரு ஜோ ஃபாஸ் இருக்கிறார்

இரண்டாம் உலகப் போர் விமானிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே அமெரிக்காவின் ஜோ ஃபாஸ் பெயர் வந்துவிடும். பசிபிக் கடலின் குவாடல்கனால் தீவு, வைல்ட்கேட் போர் விமானம், சுட்டு வீழ்த்திய 26 ஜப்பானிய விமானங்கள், அதிபர் ரூஸ்வெல்ட் கையால் மெடல் ஆஃப் ஆனர் (அமெரிக்கப் படையின் மிக உயர்ந்த வீரப் பதக்கம்), லைஃப் பத்திரிகையின் அட்டைப்படம். அதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் நெடுநாள் வருத்தம் உண்டு. அந்த மனிதர் போரிலிருந்து ஊருக்குத் திரும்பிய பிறகு செய்த வேலைதான் இன்னும் பெரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைப் பேசுகிறவர்கள் ரொம்பக் குறைவு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

1915இல் தெற்கு டகோட்டாவில், சூ ஃபால்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் மின்சாரம் இல்லாத ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர். 1933இல் அப்பா, புயலில் அறுந்து கிடந்த மின்கம்பி பட்டு இறந்துபோனார். புழுதிப் புயல்கள் விளைச்சலைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. பண்ணையையும் பார்த்துக்கொண்டு, பெட்ரோல் பங்கில் வேலை செய்து சேர்த்த காசில் விமானம் ஓட்டக் கற்றார், கல்லூரியும் முடித்தார். இன்னொன்றும் உண்டு, பலர் கவனிக்காமல் தாண்டிப் போவது: மரைன் படைக்குப் போவதற்கு முன்பே அவர் தன் மாநிலத்தின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டில், பீரங்கிப் பிரிவில், சாதாரண சிப்பாய்.

போர்க்கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். போர் விமானம் ஓட்ட வயதாகிவிட்டது என்று முதலில் அவரைப் புகைப்பட உளவுப் பிரிவில் போட்டார்கள், அவர் கிடைத்த நேரத்திலெல்லாம் வைல்ட்கேட்டை ஓட்டிப் பழகி, பிடிவாதமாக இருந்து, அக்டோபர் 1942இல் குவாடல்கனாலில் இருந்த ஹெண்டர்சன் ஃபீல்டு விமானத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார். நடுவில் மலேரியா வேறு. ஜனவரி 1943 நடுவில் கணக்கு 26 ஆனது. முதல் உலகப் போரில் விமானி ரிக்கன்பேக்கர் வைத்த அமெரிக்கச் சாதனையை முதலில் தொட்டவர் இவர்தான். எனக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கை இல்லை. ஜனவரி 25 அன்று எட்டு வைல்ட்கேட்களோடும் நான்கு பி-38 போர் விமானங்களோடும் போய், தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஜப்பானியப் படையை ஒரு குண்டுகூடப் போடவிடாமல் திருப்பி அனுப்பினார். கூட இருப்பவர்களை நடத்திப் போகத் தெரிந்த ஆள் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

சரி, 1946க்கு வருவோம். நேஷனல் கார்டு என்றதும் நம்மூர் ஊர்க்காவல் படை மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். முழு ஆயுதங்களும் போர் விமானங்களும் வைத்திருக்கும் படை அது. ஆனால் அதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பகுதிநேரக்காரர்கள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, வருஷத்தில் இரண்டு வாரம் பயிற்சி, மற்ற நாளெல்லாம் கடை, பண்ணை, பள்ளிக்கூடம் என்று அவரவர் பிழைப்பு. வெள்ளம் வந்தால் மாநில ஆளுநர் கூப்பிடுவார், போர் வந்தால் நாட்டின் அதிபர் கூப்பிடுவார்.

தெற்கு டகோட்டாவுக்கு அப்படி ஒரு விமானப் பிரிவு அதுவரை கிடையாது. அதை உருவாக்கும் பொறுப்பை ஃபாஸிடம் கொடுத்தார்கள். சூ ஃபால்ஸில் மஸ்டாங் விமானங்களோடு 175ஆவது போர் விமான ஸ்குவாட்ரன் பிறந்தது. இத்தனை புகழ் உள்ளவர் எங்கேயாவது பெரிய நகரத்தில் உட்கார்ந்து கடைசிவரை பழைய கதையைச் சொல்லியே வாழ்ந்திருக்கலாம். அவர் அதே ஊரில் வாடகை விமானத் தொழில் நடத்திக்கொண்டே, தன்னைப் போன்ற பண்ணைப் பையன்களைச் சேர்த்து ஒரு படையைக் கட்டினார். வேலைக்கும் போய், குடும்பத்தையும் பார்த்து, போர் விமானமும் ஓட்டுகிற ஆட்களைத் தயார் செய்வது, அதுவும் சனி ஞாயிறு சிப்பாய்கள் என்று கேலி பேசுகிறவர்கள் நடுவில், எவ்வளவு பொறுமை கேட்கிற வேலை! கொரியப் போர் வந்தபோது, 1951இல் அந்தப் பிரிவை முழுநேரப் பணிக்கு அழைத்தார்கள். வெறும் அணிவகுப்புக்காகக் கட்டியிருந்தால் யார் கூப்பிட்டிருப்பார்கள்? ஃபாஸும் கர்னலாகப் பணிக்குத் திரும்பினார், பின்னால் பிரிகேடியர் ஜெனரல் ஆனார்.

அப்புறம் 1955இல், 39 வயதில், மாநில ஆளுநர். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், மாநில கார்டுக்குத் தலைமைத் தளபதியும் அவர்தான். அதே கார்டில் சிப்பாயாக இருந்தவர், அதற்கு விமானப் பிரிவைக் கட்டியவர், கடைசியில் மொத்தத்துக்கும் தளபதி.

இந்தப் பதவியில் யார் இருக்கிறார் என்பது சின்ன விஷயம் இல்லை. அவர் ஆளுநராக இருந்த அதே 1957இல், ஆர்கன்சாவின் ஆளுநர் ஃபாபஸ், லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழையாமல் தடுக்கத் தன் மாநில கார்டை நிறுத்தினார். அதிபர் ஐசன்ஹோவர் அந்தப் படையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்த பிறகு, அதே கார்டு அந்தப் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு நின்றது. ஆட்கள் மாறவில்லை, உத்தரவு போடுகிற கைதான் மாறியது. அதனால்தான் அந்தச் சீருடையைப் போட்டு, கீழே நின்று உத்தரவு வாங்கிப் பழகிய ஒருவர் மேலே வருவதை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

எல்லாவற்றிலும் நான் அவர் பக்கம் இல்லை. பிற்காலத்தில் தேசிய ரைஃபிள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார், துப்பாக்கி விஷயத்தில் எனக்கு அவரோடு ஒத்துப்போகாது. 1958இல் நாடாளுமன்றத் தேர்தலில் ஜார்ஜ் மெக்கவர்னிடம் தோற்றார் (மெக்கவர்னும் அதே மாநிலம், அவரும் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர், என்ன மண் பாருங்கள்). 2002 ஜனவரியில், 86 வயதில், பீனிக்ஸ் விமான நிலையத்தில் அந்த மெடல் ஆஃப் ஆனர் பதக்கத்தையே சந்தேகப் பொருளாகப் பார்த்து அவரை நிறுத்தி வைத்துச் சோதித்தார்கள். தன்னைச் சோதித்ததைவிட, அது என்ன பதக்கம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லையே என்பதுதான் அவருக்கு வலித்தது. படிக்கும்போது எனக்கும் மனசு கனத்துப்போனது.

அடுத்த புத்தாண்டு நாளில் இறந்துபோனார். சூ ஃபால்ஸ் விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான், ஜோ ஃபாஸ் ஃபீல்டு. அவர் தொடங்கிய அந்த 175ஆவது ஸ்குவாட்ரன் இப்போது எஃப்-16களோடு அதே ஊரிலிருந்துதான் பறக்கிறது.