பொய்கைச் சந்தையில் நினைவுக்கு வந்தவர்

சென்னையில் கலாக்ஷேத்திரா நடனப் பள்ளியை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அவரை நடனத்தோடு நிறுத்திவிடாமல், வாயில்லா ஜீவன்களுக்காக அவர் வாதாடியதையும் அதில் எழுதியிருப்பது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது.

நான் வேலூர்க்காரன். செவ்வாய்க்கிழமைகளில் அருகிலுள்ள பொய்கை என்ற ஊரில் மாட்டுச் சந்தை கூடும். சென்ற மாதம் அங்கே லாரியில் நெருக்கி ஏற்றிய மாடுகளில் ஒன்று கால் மடங்கி விழுந்து, மற்றவை மிதிக்க, எழ முடியாமல் கிடந்தது. ஓட்டுநரிடம் சண்டை போட்டுத்தான் இறக்க வைத்தோம். தண்ணீர் காட்டியபோது அது குடித்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்படி ஏற்றுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் 11-ஆவது பிரிவின்படி குற்றம். 1952-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரான ருக்மிணி தேவி கொண்டுவந்த தனிநபர் மசோதாவே (அமைச்சர் அல்லாத உறுப்பினர் தாமே கொண்டுவரும் மசோதா) அச்சட்டத்துக்கு வித்து. அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்த பிறகே அதைத் திரும்பப் பெற்றார். 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

ஆனால் முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான்! பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை. அதை உயர்த்தக் கோரி எங்கள் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். வாசகர்களும் தங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள்.