அதே பதினெட்டுதானுங்க, உக்காந்துக்கும்!

உக்காந்துக்குமாம். நேற்று மத்தியானத்திலிருந்து இந்த ஒரு வார்த்தைதான் காதுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி. உள்ளே அம்மா, இரண்டு பிள்ளைகள், பின்னால் ஒரு மாதத்துக்கான மளிகை. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. இவ்வளவையும் தாங்கப்போகிற டயரைப் பற்றிக் கேட்டால், "அதே பதினெட்டுதானுங்க அக்கா, ரிம்முல உக்காந்துக்குமுங்க" என்கிறார் கடைக்காரர்.

அதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. கடைக்குள் நான் கால் வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சார் வரலீங்களா?" வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து அவர் கண் முன்னால் நிறுத்தி இறங்கியவள் நான். அந்த மலையில் ஏழு வருஷமாக ஏறி இறங்குகிறவள் நான். டயர் வாங்க மட்டும் சார் வரணுமா? சரி, பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்கு டயர் வேண்டியிருந்தது.

போன வாரம் மழையில் இறங்கும்போது, ஒன்பதாவது வளைவுக்கு முன்னால் பிரேக் மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, அரை ஆள் தூரம் வழுக்கிப்போய்த்தான் நின்றது. அம்மா என் தோளைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. கீழே வந்து டயர் பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். பள்ளத்தின் அடியில் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், தெரியும்தானே? தேய்மானம் காட்டுகிற மேடு, 1.6 மி.மீ. உயரம். டயரின் மேல்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் அந்த டயரோடு சாலையில் போகவே கூடாது, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. என் பின் டயரில் மேட்டுக்கும் மேல்பரப்புக்கும் நடுவே ஒரு நகக்கீறல் அளவுதான் மிச்சம். அதனால்தான் அலறியடித்துக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

வண்டி ஃபார்ச்சூனர், ஃபோர் வீல் டிரைவ். கம்பெனி கொடுத்த டயர் 265/60 ஆர் 18, அதற்குப் பக்கத்தில் 110 எச். அகலம் 265 மி.மீ., அந்த அகலத்தில் 60 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், உள்ளே ரிம் 18 அங்குலம். நான் அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் சீட்டைக் கையில் வாங்கவே இல்லை. உள்ளே பார்த்து, "டேய், பதினெட்டு எடுத்துட்டு வாடா" என்று ஒரு குரல். பையன் உருட்டிக்கொண்டு வந்த டயர் 235/60 ஆர் 18. அதற்குப் பக்கத்தில் 103.

"இது 235 போட்டிருக்குதுங்களே?"

"அதெல்லாம் அகலமுங்க அக்கா. ரிம் அதே பதினெட்டுதானுங்க."

"103ன்னு இருக்குது. என் வண்டிக்கு 110 வேணும்."

"அது கம்பெனி நம்பருங்க. பத்துப் பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கேன், ஒரு கம்ப்ளைன்ட் இல்லீங்க."

கம்பெனி நம்பராம்! டயர் விற்பதே தொழிலாக இருக்கிறவர் சொல்கிறார். அந்த எண், அந்த ஒற்றை டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான எண். 110 என்றால் 1,060 கிலோ. 103 என்றால் 875 கிலோ. ஒரு டயருக்கு 185 கிலோ குறைவு. மலையில் இறங்கும்போது பிரேக் அடித்தால் எடையில் பெரும்பகுதி முன் டயர் இரண்டின் மேல் வந்து விழும், ஏறும்போது பின்னால் உட்காரும். சமதளத்தில் வெறும் வண்டி ஓட்டினால் 103 தாங்கலாம். ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏற்றிக்கொண்டு, சூடேறிய டயரோடு வளைவில் திரும்பும் நேரத்துக்காகத்தானே வண்டி செய்தவன் 110 என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறான்? அந்தக் கணக்கை அழிக்க இவர் யார்?

இதோடு விட்டிருந்தால்கூட எழுந்து வந்திருப்பேன். நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, செலவுக்குத்தான் யோசிக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டார். "அக்கா, ஒண்ணு பண்ணலாமுங்க. முன்னாடி ரெண்டும் இன்னும் ஓடுமுங்க. பின்னாடி மட்டும் இந்த ரெண்டைப் போட்டுக்குங்க. பாதிச் செலவு."

முன்னால் 265, பின்னால் 235. ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு!

கடைச் சீட்டின் பின்பக்கத்தில் அங்கேயே கணக்குப் போட்டேன். 265இல் 60 சதவீதம் 159 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பங்கு, நடுவில் ரிம் 18 அங்குலம், அதாவது 457. மொத்த உயரம் 775 மி.மீ. அவர் காட்டிய டயருக்கு அதே கணக்கைப் போட்டால் 739. மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் குட்டை. முன் சக்கரம் 100 சுற்று சுற்றும் தூரத்துக்குப் பின் சக்கரம் கிட்டத்தட்ட 105 சுற்றியாக வேண்டும். சாதாரண ரோட்டில் இரண்டு சக்கர டிரைவில் போகும்போது பிழைத்துக்கொள்ளலாம். எஸ்டேட் பாதையில் சேறு வந்ததும் நான் நான்கு சக்கர டிரைவைப் போடுவேன். போட்ட நொடியில் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியே தீர வேண்டும். ஒன்று 100, இன்னொன்று 105 என்றால், எங்கேயோ ஒரு டயர் இழுபட்டு வழுக்கும், இல்லையென்றால் கியரும் தண்டும் முறுக்கிக்கொண்டு அத்தனை அழுத்தத்தையும் வாங்கும். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ், ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் பார்த்துத்தான் வேலை செய்கிறது, அதுவும் குழம்பும். ஒரு வழுக்கலைச் சரிசெய்ய வந்தவளுக்கு நாலு வழுக்கலை விற்கப் பார்க்கிறார்.

சீட்டை அவர் முன்னால் நீட்டினேன். பார்த்தார். "இவ்வளவு யோசிச்சா வண்டியே ஓட்ட முடியாதுங்க அக்கா." யோசிக்காமல் ஓட்டினால் ஆள் இருக்க முடியாது அண்ணா! வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கடைசியில் உள்ளேயிருந்து சரியான அளவில் ஒன்றை எடுத்து வந்தார்கள். 265/60, 110. மனசு கொஞ்சம் ஆறியது. டயர் தயாரான தேதியைக் காட்டச் சொன்னேன். பையன் அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி நிறுத்தியிருந்தான். நானே திருப்பினேன். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் டிஓடி எழுத்துகளுக்குக் கடைசியில் தேதிக்கான ஒரு நீள்வட்டம், அதன் மேல் சாக்பீஸ் தூசியும் ஒட்டடையும். கட்டைவிரலால் துடைத்தேன். 1421. அதாவது 2021ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். நாலு வயது தாண்டிய டயரைப் புதுசு என்று முழு விலைக்கு விற்கிறார்கள். அதுவும் தகரக் கொட்டகையில், மேற்கு வெயில் நேராக விழும் இடத்தில் அடுக்கி வைத்திருந்தது. பக்கவாட்டில் நகத்தை வைத்து அழுத்தினால் மயிரிழை வெடிப்பு தெரிகிறது. கேட்டால், "பழசானா ரப்பர் நல்லா செட்டாயிருமுங்க" என்கிறார். பழசாகப் பழசாக ருசி கூடுவதற்கு ரப்பர் என்ன புளியா? ஆறு வருஷம் ஆனாலே மாற்றச் சொல்லி எத்தனையோ வண்டிக் கம்பெனிகள் கையேட்டிலேயே எழுதுகின்றன. இந்த டயரை வாங்கினால், நான் பணம் கொடுக்கும் ஆயுளில் பாதிக்கு மேல் அந்தக் கொட்டகையிலேயே போய்விட்டது. ஒரு டயர் 15,000 ரூபாய்க்கு மேல்!

இந்த நாலு இலக்கத் தேதி பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுசாக இருக்கும். அந்தப் பக்கத்தை உள்பக்கமாக மாட்டிவிட்டால் வண்டிக்கு அடியில் படுத்தால்தான் தெரியும். மாட்டும் முன்பே பாருங்கள், தயவுசெய்து பாருங்கள்.

வீட்டுக்கு வந்தால் அங்கே ஆளாளுக்கு ஒரு யோசனை. சித்தப்பா, "ஏ.டி. டயர் போடு கண்ணு, வண்டி கெத்தா நிக்கும்" என்கிறார். ஏ.டி. என்றால் ஆல் டெரெய்ன், கரடுமுரடான பாதைக்கும் சேர்த்துச் செய்த டயர். மெக்கானிக் அண்ணாவும் அதையே சொல்கிறார். எனக்கு வண்டி நிற்க வேண்டியது கெத்தாக இல்லை, ஈரத் தாரில் மிதித்த இடத்தில்! அதில் ரப்பர் பெரிய பெரிய கட்டையாக இருக்கும், கல்லுக்கும் சேற்றுக்கும் நல்லது. மழையில் நனைந்த வழவழத் தார்ச் சாலையில் அதே கட்டைகள் பொதுவாக நிற்பதற்கு அதிக தூரம் எடுக்கும். என் ஓட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு தார், மிச்சம்தான் எஸ்டேட் மண். எனக்கு ஹைவே டயர்தான் சரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் டயர் விற்க வேண்டுமென்றால் ஈரச் சாலையில் எப்படிப் பிடிக்கும் என்று ஏ முதல் ஈ வரை தரம் போட்ட லேபிள் இருந்தாக வேண்டும். நேற்று நான் ஏறி இறங்கிய மூன்று கடையிலும் டயரில் ஒட்டியிருந்தது விலை மட்டும்தான். ஈரத்தில் எப்படி நிற்கும் என்று கேட்டால் மூன்று பேரும் ஒரே பதில்: "சூப்பரா நிக்குமுங்க."

மூன்றாவது கடைக்காரராவது சீட்டை வாங்கிப் படித்தார். அளவு கையிருப்பில் இல்லை, ஒரு வாரத்தில் நாலும் ஒன்றாக வரும், தேதியைக் காட்டிவிட்டுத்தான் மாட்டுவேன் என்றார். அட்வான்ஸ் கொடுத்தேன். ஆனால் கிளம்பும்போது அவரும் டயரில் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் பிடித்துக்கொள்ளச் சொல்லி நின்றார். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் அண்ணா, பாக்கி 22க்கு என்னிடம் எதற்குக் காசு?

டயர் வரும்வரை மலைக்குப் போகவில்லை. அம்மாவை பஸ்ஸில் அனுப்பிவைத்தேன், மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார். உள்ளூரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட மட்டும்தான் வண்டி. அதற்காவது, இருக்கிற டயரில் காற்றைச் சரியாக வைத்துக்கொள்ளலாம் என்று இன்று காலை பெட்ரோல் பங்குக்குப் போனேன். இலவசமாகக் காற்று கொடுக்க வேண்டியது பங்கின் கடமை. முதல் பங்கில் மிஷின் மேல் சாக்கு போர்த்தியிருந்தது. இரண்டாவதில், "ஆள் டீ குடிக்கப் போயிருக்காருங்க" என்றார்கள். இருபது நிமிஷம் நின்றேன். மூன்றாவதில் மிஷினும் இருந்தது, ஆளும் இருந்தார். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் காற்று அளவைக் காட்டி, அதை வையுங்கள் என்றேன். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சார் வரலீங்களா?"