எத்தனை கிராமுங்க?

அந்த வீடியோவைப் பத்திப் பேச வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா நேத்து ராத்திரி வரைக்கும் இன்பாக்ஸ்ல வந்து "பாத்தீங்களா, பாத்தீங்களா"னு கேட்டுட்டே இருக்கீங்க. பாத்தேனுங்க. ஒருத்தர் என் நகை ஸ்டாலுக்கு வந்து, நான் வெள்ளியில செஞ்ச புரூச்சை, அதான் துணியில குத்திக்கற நகையை, எடுத்து, பக்கத்து ஸ்டால் தராசுல வெச்சு, "14 கிராம் வெள்ளி, இதுக்கு இந்த விலையா, பகல் கொள்ளை"னு சிரிச்சாரே, அதேதான். 14 கிராம் சரிதான். எடையில தப்பே இல்லை.

எடை போட்டா எடைதான் தெரியும். நான் சொல்ல வர்றது அவ்வளவுதான்.

அந்தப் புரூச் கிளுவைங்கற முள்ளுச் செடியோட குச்சியை வெச்சு வார்த்தது. எங்க காங்கேயம் பக்கம் கொறங்காட்டுக்கு, அதான் மாடு மேயற காட்டுக்கு, வேலியே கிளுவைதான். மாட்டுக்குக் கொழுக்கட்டைப் புல்லு, நிழலுக்கு வெள்வேலா மரம், சுத்தியும் கிளுவை. எங்க காட்டை வித்து, ஜேசிபி வந்து வேலியைப் பிடுங்குன அன்னைக்கு ஒரு கை குச்சி ஒடிச்சு வெச்சுக்கிட்டேன். வழக்கம்போல மெழுகுல உரு செய்யாம, குச்சியையே பிளாஸ்டர்ல புதைச்சுச் சூளையில வெச்சேன். 700 டிகிரிக்கு மேல போனா குச்சி சாம்பலாயிரும். அது இருந்த இடம் வெறும் பொந்தா நிக்கும். அந்தப் பொந்துக்குள்ளதான் வெள்ளி இறங்கும். அச்சு கிடையாது, இன்னொண்ணு ஊத்தவும் முடியாது. ஒரு முள்ளு நுனி வரைக்கும் வெள்ளி ஓடாம மொட்டையா நின்னுருச்சு. ஒரு கணுவுல சாம்பல் தங்கிச் சின்னக் குழி. அடைச்சு அரம் போட்டுருக்கலாம், போடலை. இதெல்லாம் எத்தனை கிராம்னு அந்த வீடியோக்காரர் சொன்னா எழுதிக்கிறேன்.

"விக்க வெச்சா விலை கேக்கத்தான் செய்வாங்க"னு ஒருத்தர். கேளுங்க. விலை கேக்கறது வேற, கேமராவைப் புடிச்சுட்டுக் கேலி பண்றது வேற. "இதெல்லாம் மேல்நாட்டு ஃபேஷன்"னு இன்னொருத்தர். சென்னிமலைக்கிட்ட, நொய்யல் கரையில கொடுமணல்னு ஒரு ஊரு இருக்குதுங்க. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே படிகம், பெரில், சூதுபவளம்னு கல்லைத் தேச்சுத் துளை போட்டு மணி செஞ்ச ஊரு. சங்கப் பாட்டுலயே பேரு வருது. அவங்க பவுன் கணக்குப் பாத்தா கோத்தாங்க? சரி, மேல்நாடே ஆகட்டும். 1980ல ஓட்டோ குன்ஸ்லினு ஒரு சுவிஸ்காரர் கறுப்பு ரப்பர் வளையலுக்குள்ள தங்கக் குண்டு ஒண்ணை ஒளிச்சு வெச்சார். வெளியே ஒரு புடைப்புதான் தெரியும். அதுக்கு அவர் வெச்ச பேரு, "தங்கம் கண்ணைக் குருடாக்கும்". நம்ம வீடியோக்காரர் கையில கிடைச்சா ரப்பரைக் கிழிச்சுப் பாத்திருப்பார்.

"ஆத்திர அவசரத்துக்கு அடகு வைக்க முடியுமா?" இதுக்குத்தான் எங்கிட்டப் பதில் இல்லை. எங்கம்மா சங்கிலி கழுத்துல கிடந்ததை விட பேங்குல கிடந்ததுதான் அதிகம். போர்வெல் போட அடகுக்குப் போகும், மஞ்சள் வித்தா திரும்பி வரும். நாங்க படிச்சதே அதுலதான். அந்த நகையை வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்?

ஆனா அம்மா போய்க் காரியம் முடிஞ்ச கையோட வீட்டுக்கு வந்தது தராசுதானுங்க. சங்கிலிக் கொக்கி தேஞ்சு போயி, கழண்டு விழாம இருக்க அம்மா செவப்பு நூல் சுத்தி வெச்சிருந்தாங்க. மஞ்சளும் வேர்வையும் ஏறிக் கறுத்துப் போன நூலு. அதைப் பிளேடுல அறுத்துப் போட்டுட்டுத்தான் எடை பாத்தாங்க. எடை கூடக் காட்டுமாமா. நூலு!

பொண்ணு பாக்க வந்தப்ப "எத்தனை பவுன் போடுவீங்க"ன்னாங்க. அன்னைக்குப் பேசாம நின்னேன். அம்மா நகையைப் பிரிக்கும்போதும் பேசலை. இப்பப் பேசினா "அம்மிணிக்கு வாய் நீளமாயிருச்சு"ங்கறீங்க. ஆகட்டும்.

வீடியோ எடுத்தவர் யாருன்னே எனக்குத் தெரியாது. அவர் மேல பெருசாக் கோவமும் இல்லை. அதைக் குடும்பக் குரூப்புல போட்டு, கூடவே விழுந்து விழுந்து சிரிக்கற பொம்மையும் போட்டது எங்கண்ணன். அது எந்த வேலிக் குச்சின்னு தெரிஞ்சேதான் போட்டிருக்கார்.

அண்ணா, நீங்களும் இதைப் படிப்பீங்க. குரூப்புல இருந்து நான் வெளிய வந்தாச்சு. நங்கையை, அதான் அண்ணியை, விட்டுப் போன் பண்ணச் சொல்லி மறுபடியும் சேத்த வேண்டாம்.