பாட்டு என்ன, சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் இனிப்பா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். பேச்சாளர் சொன்னார்: இசை மூளைக்கு வெறும் சீஸ்கேக்தானாம், சுகம் உண்டு, பயன் இல்லையாம், விஞ்ஞானமே சொல்லிவிட்டதாம். அதனால் சிங்கப்பூரில் பிள்ளைகள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, அதாவது பி.எஸ்.எல்.இ., எழுதும் வருடத்தில் மிருதங்கத்தை ஸ்டோர் ரூமில் போட வேண்டுமாம். அரங்கமே கைதட்டியது.

விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை ஐயா. 1997ல் உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் சொன்னார். அது அவர் கருத்து. டார்வின் 1871லேயே வேறு மாதிரி யோசித்தார்: பேச்சு வருமுன்பே நம் முன்னோர் துணையைக் கவர ராகம் இழுத்திருப்பார்கள் என்று. வழக்கு இன்னும் நடக்கிறது. வராத தீர்ப்பை மேடையில் வாசிப்பது என்ன நியாயம்?

ஜெர்மனியில் ஹோலே ஃபெல்ஸ் குகையில் 2008ல் ஒரு புல்லாங்குழல் கிடைத்தது. பிணந்தின்னிக் கழுகின் எலும்பில் துளை போட்டது, வயது குறைந்தது 35,000 ஆண்டு. பனி யுகத்தில் வயிற்றுப்பாட்டையும் பார்த்துக்கொண்டு அதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு நம் பேச்சாளர் வாய்க்கவில்லை.

என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது நான் தொண்டை வறளத் தாலாட்டினாலும் வீறிடுவான். எங்கள் பணிப்பெண் ஜாவானிய மொழியில் ஏதோ முனகுவார், இரண்டே நிமிடத்தில் கண் செருகிவிடும். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. பிற்பாடு, 2020ல் வந்த ஹார்வர்ட் ஆய்வைப் படித்தேன்: அமெரிக்கக் குழந்தைகள் கேட்டே இராத மொழித் தாலாட்டுக்கும் இதயத் துடிப்பு தணிந்து அமைதியானார்களாம். அந்த மொழியை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

"அப்போ பிள்ளை படிக்க வேண்டாமா?" என்று கிளம்புவீர்கள். படிக்கட்டும். யார் வேண்டாம் என்றது? "உன் மகன் தூங்கினால் அது ஆதாரமா?" இல்லை, அதனால்தான் ஆய்வைச் சொன்னேன். எல்லாம் சேர்ந்தாலும் இசை பிறவியிலேயே வரும் உள்ளுணர்வு என்று நிரூபணமாகாது, சரி. இனிப்பு என்பதும் நிரூபணமாகவில்லையே, அதற்கு ஏன் கைதட்டினீர்கள்?

சேர்ந்து பாடி, தாளம் தட்டி முடித்தவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடுகிறது என்று பரிணாம உளவியலாளர் ராபின் டன்பார் குழு 2012ல் காட்டியது. காவடி எடுத்தவரிடம் கேட்டால் சிரிப்பார். 1973ல் இங்கே தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியத்துக்குத் தடை வந்தது. 2016ல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசை திரும்பியது. அதுவரை உறுமி வேண்டும் என்று ஏங்கியவர்கள் நாம்தானே? இப்போது நம் பிள்ளை மடியிலிருந்து மிருதங்கத்தை நாமே பிடுங்குகிறோம். அதுவும் தமிழ் வாழ்த்துப் பாடித் தொடங்கிய கூட்டத்தில்!

மகனுக்குச் சனிக்கிழமை மிருதங்க வகுப்பு வழக்கம்போல் உண்டு. பரிதாபப்பட்டு மெசேஜ் அனுப்பும் மாமாக்களும் அத்தைகளும் கணக்கு டியூஷனைப் பற்றி மட்டும் கேட்டால் போதும்.