பேஸ்பால் பந்தில் பூசும் சேறு பற்றி

அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்கான மேஜர் லீக் (எம்எல்பி) ஆட்டங்களில் புதுப் பந்துகளில் ரகசியமாகச் சேறு பூசுகிறார்கள், அது விதிமீறல், பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) சாதகமான மோசடி என்று ஒரு பதிவு பலரால் பகிரப்பட்டிருக்கிறது. சேறு பூசுவது உண்மைதான். ஆனால் அது விதிமீறல் இல்லை. விதி கேட்பதே அதைத்தான்.

பெட்டியிலிருந்து எடுத்த பந்தின் தோல் பளபளவென்று வழுக்கும். 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் பந்து கை நழுவினால் பேட்டரின் தலைக்கே ஆபத்து. அதனால் ஆட்டத்துக்கு முன்பே பந்துகளைத் தேய்த்துப் பளபளப்பை எடுக்க வேண்டும். முன்பு அம்பயர்களே செய்த வேலை, இப்போது கிளப் ஊழியர்கள் செய்கிறார்கள். விரல் நுனியில் கொஞ்சம் சேறு, கொஞ்சம் தண்ணீர், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டல், அவ்வளவுதான். 1930களில் லீனா பிளாக்பர்ன் என்ற பயிற்சியாளர் டெலவேர் ஆற்றின் கிளையொன்றில் கண்டெடுத்த சேறு அது. தயிர் போல வழவழப்பாக இருந்தாலும் உள்ளே நுண்மணல் உண்டு. இரு அணியும் அதே பந்துகளில்தான் ஆடுகின்றன.

குழப்பம் வந்த இடம் எனக்குப் புரிகிறது. ஆட்டத்தின் நடுவே பிட்சர் தானாக எதையாவது பூசினால் அது குற்றம்தான்.

சரிபார்க்க நினைப்பவர்கள் எம்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் விதிப்புத்தகத்தைத் திறந்து 4.01(சி) (பந்தைத் தேய்ப்பது பற்றியது), அப்புறம் 6.02(சி) (பிட்சர் செய்யக்கூடாதவை) இரண்டையும் படியுங்கள். அடுத்த ஆட்டத்தில் அம்பயர் கொடுக்கும் புதுப் பந்தின் நிறத்தையும் கவனியுங்கள்: தூய வெள்ளையாக இருக்காது, லேசாக மங்கியிருக்கும்.