இன்டெல்லுக்கு எழுதியதைப் பொது இடைமுகம் என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை சிங்கப்பூர் ஒன்-நார்த்தில், தமிழில் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) பேசக் கூடிய சந்திப்பில் நடந்ததை வந்தவர்கள் பார்த்தீர்கள். வராதவர்கள் இந்நேரம் வாட்ஸ்அப் குழுவில் படித்திருப்பீர்கள். அன்றைக்கே எழுதியிருந்தால் கோபத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். இன்றைக்கும் கோபம் போகவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

திரையில் "எல்லா வன்பொருளுக்கும் பொதுவான நினைவக மெய்நிகராக்க இடைமுகம்" என்று தலைப்பு. அதாவது, நிரல்கள் பார்க்கும் முகவரிகளை உண்மையான நினைவக இடங்களோடு இணைக்கக் கெர்னலைக் கேட்கும் அழைப்புகள். உள்ளே இருந்த ஒவ்வொரு அழைப்பும் இன்டெல் சிப்பை மட்டும் மனதில் வைத்து எழுதியது. பக்கம் (நினைவகத்தைப் பிரிக்கும் துண்டு) என்றால் 4 கேபி. பேஜ் டேபிளில் (எந்த முகவரி எந்தப் பக்கம் என்று காட்டும் அட்டவணை) ஒரு பதிவை மாற்ற வேண்டுமா, அதன் மேலேயே எழுது. இன்டெல்லிலிருந்து வேறுபட்ட ஆர்ம் வகை சிப்பில் இது எப்படிப் போகும் என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் ஒட்டிக்கலாம் அண்ணே, இங்க யார் அதை ஓட்டுறாங்க?" என்றார் பேசிக்கொண்டிருந்த நண்பர். அறையே சிரித்தது.

நான் சொல்வது ஒன்றுதான். பொது இடைமுகம் வரைகிறவர், இருப்பதிலேயே அதிகம் முரண்டு பிடிக்கும் வன்பொருளை முதலில் படிக்க வேண்டும். வசதியான சிப்பில் முடித்துவிட்டு மற்றவற்றுக்கு ஒட்டுப்போடுவது பொது இடைமுகம் ஆகாது.

ஆர்மில் ஒரு பெரிய பக்கத்தைச் சின்னப் பக்கங்களாக உடைக்க வேண்டும் என்றால், பழைய பதிவை முதலில் செல்லாததாக்கி, டிஎல்பியிலிருந்து (பேஜ் டேபிள் பதிவுகளைச் சிப் நினைவில் வைத்திருக்கும் இடம்) துடைத்து, அப்புறம்தான் புதியதை எழுத வேண்டும். புதிய சில சிப்களில் இந்த விதி தளர்ந்திருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. அந்த இடைவெளியில் அந்த முகவரி இல்லாமல் போகிறது. "மாற்றும்போது முகவரி ஒரு கணமும் மறையாது" என்று உங்கள் இடைமுகம் வாக்குக் கொடுத்திருந்தால், ஆர்மில் அதை யார் காப்பாற்றுவது? இது ஒட்டுப்போட்டுச் சரிசெய்கிற விஷயம் இல்லை, வாக்கே தப்பு.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இதை அனுபவித்தவன் நான். வேறு குழு எழுதிய ஒரு டிரைவரில் (சாதனத்தை இயக்கும் நிரல்) பக்க அளவாக 4096 பைட், அதாவது 4 கேபி, என்ற எண்ணை அப்படியே பதித்திருந்தார்கள். ஆர்ம் இயந்திரத்தில் பக்க அளவு 64 கேபி. சாதனத்துக்கு 4 கேபி மட்டும் காட்டுவதாக நினைத்துக்கொண்டு முழு 64 கேபியையும் திறந்துவிட்டது அந்த டிரைவர். பக்கத்தில் இருந்த தரவும் சாதனத்தின் கைக்கு எட்டியது. தீபாவளி வாரம், வீட்டில் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போகக் காத்திருந்தார்கள். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இரவெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்தது நான். அந்த அறையில் சிரித்தவர்களுக்கு இது தெரியாது.

"பொதுமை வேகத்தைக் கெடுக்கும்" என்பீர்கள். அடிக்கடி ஓடும் பாதையை ஒவ்வொரு சிப்புக்கும் தனியாக எழுதுங்கள், யார் தடுத்தார்கள்? நான் பேசுவது மேலே இருக்கும் ஒப்பந்தத்தைப் பற்றி, அதாவது இடைமுகம் கொடுக்கும் வாக்கைப் பற்றி.

"தேவை வரும்போது செய்வோம்" என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கெர்னல் ஒரு முறை பயனர் நிரலுக்குத் திறந்துவிட்ட கதவைச் சுலபமாக மூட முடியாது. பயனர் நிரலை உடைக்காதே என்பதுதான் லினக்ஸின் முதல் விதி. சாதனத்தைப் பயனர் நிரலின் கையில் நேரடியாகக் கொடுக்கும் விஎஃப்ஐஓ என்ற லினக்ஸ் இடைமுகத்தைப் பாருங்கள். 2012இல் உள்ளே வந்தது. எக்ஸ்86இல் (இன்டெல், ஏஎம்டி சிப்களின் வகை) சாதனங்களின் எம்எஸ்ஐ குறுக்கீடுகளுக்கு (ஒரு முகவரியில் எழுதிச் சிப்பை அழைக்கும் முறை) ஒரு நிலையான முகவரிப் பகுதி உண்டு. ஆர்மிலோ அந்தக் குறுக்கீடு எழுதும் முகவரியும் ஐஓஎம்எம்யூ (சாதனங்கள் தொடும் முகவரிகளை மாற்றித்தரும் வன்பொருள்) வழியாகத்தான் போகும், அதற்கும் மேப்பிங் வேண்டும். அது கெர்னலில் ஒழுங்காக வந்து சேர 2017 ஆனது. ஐபிஎம்மின் பவர் சிப்புக்கு, சாதனம் நினைவகத்தை நேரே தொட டிஎம்ஏ ஜன்னல் என்று தனி முறை, அதனால் தனி அழைப்புகள். கடைசியில் 2023இல் 6.2 கெர்னலோடு அதே வேலைக்கு ஐஓஎம்எம்யூஎஃப்டி என்று புதிதாகவே ஓர் இடைமுகம் வந்தது. அது வந்தும் பழைய விஎஃப்ஐஓ அழைப்புகளைத் தூக்கி எறிய முடியவில்லை. "அப்புறம்" என்ற சொல்லுக்கு இவ்வளவு விலை.

"லினக்ஸின் மெய்நிகர் இயந்திர வசதியான கேவிஎம்மே எக்ஸ்86இல்தானே தொடங்கியது?" ஆமாம், 2007இல். மறு வருடமே எம்எம்யூ நோட்டிஃபையர் என்ற அறிவிப்பு முறை வந்தது. "இந்தப் பக்கம் போகப்போகிறது, நீ பிடித்திருந்தால் விடு" என்று கேவிஎம் போன்றவற்றிடம் கெர்னல் சொல்லும், அவ்வளவுதான். எந்த சிப்பின் பெயரும் அதில் இல்லை. இன்றைக்கும் நிற்கிறது. அப்படி யோசியுங்கள் என்றுதானே கேட்டேன்?

இங்கே யார் ஓட்டுகிறார்கள் என்ற கேள்விக்கும் வருகிறேன். அமேசானின் கிராவிட்டான் இயந்திரங்கள் சிங்கப்பூரிலேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. அவை ஆர்ம். சிரித்தவர்கள் கையில் இருந்த கைப்பேசிகளும் ஆர்ம். 2020இல் நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய 7 சதவீதம் தரவு மையங்களுக்கே போனது. 2019இலிருந்து 2022 வரை புதிய மையங்களுக்கு அனுமதியையே நிறுத்திவைத்த ஊர் இது. மின்சாரத்தை எண்ணிச் செலவழிக்கும் ஊரில் ஒரே வகை சிப்தான் என்றைக்கும் இருக்கும் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறீர்கள்?

என்னைப் பார்த்துச் சிரித்ததுகூடப் பரவாயில்லை. பின்வரிசையில் ஒரு பாலிடெக்னிக் மாணவி கை தூக்கி, "ஆர்மில் ஏன் அப்படியே மாற்றக் கூடாது?" என்று கேட்டார். அன்று மாலை கேட்ட கேள்விகளிலேயே நல்ல கேள்வி அது. "அது உனக்கு இப்ப வேண்டாம்மா" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். தமிழில் கெர்னல் பேச இத்தனை பேர் கூடுவதே அரிது, அதில் கேட்கிற பிள்ளையின் வாயை அடைப்பதா? அந்த மாணவியைத் தெரிந்தவர்கள் இந்தப் பதிவைக் காட்டுங்கள். உள்பெட்டியில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு முழுப் பதிலும் தமிழிலேயே சொல்கிறேன்.